தாள்களில் வரும் எழுத்துச் சுருக்கங்களை விளங்கிக்கொள்வது எப்படி?

கல்லிடை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவிலுள்ள பெரியவர்களுக்கு வருகிற கடிதம், வங்கிக் கணக்குப் புத்தகம், மருத்துவர் எழுதிய சீட்டு, குடும்ப அட்டை ஆகியவற்றைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதை விருப்பத்தோடுதான் செய்து வருகிறேன். முழுச் சொற்களைப் படித்துப் பொருள் சொல்வதில் எனக்குச் சிக்கல் இல்லை. புள்ளி வைத்தும் வைக்காமலும் நடுநடுவே நிற்கிற இரண்டு மூன்று எழுத்துகளைக் கண்டால்தான் தயங்கி நிற்க வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டு ஆச்சியிடம் மூன்று தாள்கள் இருக்கின்றன. மருத்துவர் எழுதிய சீட்டில் ஒரு மாத்திரையின் பெயருக்கு எதிரே 'டி.டி.எஸ்.' என்று இருக்கிறது. வங்கி கொடுத்த வைப்புத்தொகை விவரத் தாளில் வட்டிக்குக் கீழே அதே 'டி.டி.எஸ்.' இருக்கிறது. வீட்டில் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியைப் பழுது பார்க்க வந்தவர் விட்டுச் சென்ற அட்டையிலும் 'டி.டி.எஸ்.' என்று போட்டுப் பக்கத்தில் ஓர் எண்ணை எழுதியிருக்கிறார். மூன்றும் ஒன்றுதானா என்று ஆச்சி கேட்கிறார். கைப்பேசியில் தேடினால் ஒரே சுருக்கத்துக்குப் பல விரிவுகள் வந்து விழுகின்றன. அவற்றுள் எந்தத் தாளுக்கு எது பொருந்தும் என்பதைத் தேடுபவர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்யாமல், முன்பின் பார்த்திராத சுருக்கத்தை விளங்கிக்கொள்ள வழிமுறை ஏதேனும் உண்டா? அந்தந்தத் துறையில் பழகியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பாளை மருந்துக்கடைக்காரர் எழுதியது:

நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள், அம்மா. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பகுதியில் நெடுங்காலம் மருந்துக் கடையில் நின்றவன் என்ற முறையில் முதல் தாளைப் பற்றி எழுதுகிறேன்.

மருத்துவச் சீட்டில் வருகிற சுருக்கங்களுள் பெரும்பாலானவை லத்தீன் மொழியிலிருந்து வந்தவை. ஆங்கிலம் தெரிந்தவர்களும் இவற்றில் தடுமாறுவதற்கு அதுவே காரணம். 'டி.டி.எஸ்.' என்றால் நாளொன்றுக்கு மூன்று முறை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பொருள். 'பி.டி.' என்றால் இரண்டு முறை. 'எச்.எஸ்.' என்றால் படுக்கப் போகும் நேரத்தில். 'ஏ.சி.' உணவுக்கு முன், 'பி.சி.' உணவுக்குப் பின். 'எஸ்.ஓ.எஸ்.' என்பதைக் கண்டு ஏதோ ஆபத்து என்று பதறிக் கேட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். தேவைப்பட்டால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே அதன் பொருள். காய்ச்சல் அல்லது வலி இருக்கும்போது மட்டும் போடுகிற மாத்திரைக்கு எதிரே அது வரும். வலி இல்லாத நாளிலும் அந்த மாத்திரையை வேளை தவறாமல் விழுங்குவது தேவையற்றது. சில மருந்துகளைப் பொறுத்தவரை அது கேடும் செய்யும்.

இவற்றுள் மிகுந்த கவனம் தேவைப்படுவது 'ஓ.டி.' என்ற சுருக்கம். பொது மருத்துவர் எழுதினால் நாளொன்றுக்கு ஒரு முறை. கண் மருத்துவர் எழுதினால் அது லத்தீன் வழி வந்து வலது கண்ணைக் குறிக்கும். இடது கண்ணுக்கு 'ஓ.எஸ்.' என்று எழுதுவார். கண் சொட்டு மருந்துச் சீட்டில் இரண்டு பொருளும் பொருந்திவிடக்கூடும் என்பதால், அங்கே ஊகித்துச் சொல்லவே கூடாது. இதே எழுத்துகள் வங்கியில் இருப்புக்கு மேல் எடுக்கிற பணத்தையும், அலுவலகத்தில் பணி நிமித்தம் வெளியே சென்றிருப்பதையும் குறிக்கின்றன.

ஊகம் ஏன் கூடாது என்பதற்கு இன்சுலின் ஒன்றே போதும். அதன் அளவை 'யூனிட்' கணக்கில் சொல்வார்கள். அந்தச் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் கையால் எழுதும்போது அது பூஜ்யம் போலத் தெரிந்து, 10 யூனிட் என்பது 100 என்று படிக்கப்பட்டுவிடக்கூடும். மருந்தின் அளவு பத்து மடங்காகிவிடும். இதனால்தான் அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம், பயன்படுத்தவே கூடாத சுருக்கங்கள் என்று 2004இல் வெளியிட்ட பட்டியலில் அந்த ஓர் எழுத்தையும் சேர்த்தது. நம் நாட்டிலும், மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாகவும் இயன்றவரை பெரிய எழுத்துகளிலும் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதியைத் திருத்தியது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மருந்து வாங்கும் இடத்திலேயே ஒவ்வோர் அட்டையின் மேலும் காலை, மதியம், இரவு என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். 1-0-1 என்று எழுதினாலும் போதும். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பது எழுத்தறியாதவர்களுக்கும் ஒரு முறை சொன்னால் புரிந்துவிடுகிறது.

அம்பைப் பாசனக்காரர் எழுதியது:

அண்ணாச்சி சொன்னவை அனைத்தும் பயனுள்ளவை. நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். சுருக்கத்தின் விரிவு தெரிந்துவிட்டால் பொருள் தெரிந்துவிட்டது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது உண்மையில்லை என்பதை ஒவ்வொரு கார் பருவத்திலும் பிசானத்திலும் செய்தித்தாளைப் பார்த்துப் பார்த்து உணர்ந்தவன் நான்.

அணை நிலவரச் செய்தியில் 'டி.எம்.சி.' என்று வருகிறது. ஆயிரம் மில்லியன் கன அடி என்று விரிவு சொல்லிவிடலாம். சொன்ன பிறகும் கேட்பவருக்கு என்ன விளங்கிற்று? அதை நூறு கோடி கன அடி என்று சொன்னால் சற்றே விளங்கும். லிட்டரில் ஏறத்தாழ 2,830 கோடி. அணையிலிருந்து விநாடிக்கு 1,000 கன அடி வீதம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால், ஒரு டி.எம்.சி. தீர்வதற்கு ஏறத்தாழ பதினொன்றரை நாள் ஆகும். இந்தக் கணக்கைச் சொன்ன பிறகுதான், இருக்கிற இருப்பு வயலுக்கு எத்தனை நாள் வரும் என்று ஒரு விவசாயி தன் மனத்துக்குள் எண்ணிப் பார்க்க முடியும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'நீர்வரத்து 500 கன அடி' என்று செய்தியில் போடுகிறார்கள். கன அடி என்பது தண்ணீரின் கொள்ளளவு. வரத்து என்பது வேகம். 'விநாடிக்கு' என்ற சொல்லை இடம் கருதி விட்டுவிடுகிறார்கள். எழுதுகிறவருக்கும் நாள்தோறும் படிக்கிறவருக்கும் அது தெரியும். புதிதாகப் படிக்கிற மாணவனோ அணைக்கு மொத்தமே 500 கன அடிதான் வந்தது என்று எண்ணிக்கொள்வான். விட்டுப்போன சொல்லும் ஒருவகைச் சுருக்கம்தான். அதற்குப் புள்ளிகூட இல்லாததால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

பாபநாசம் அணைக்கு 143 அடி, சேர்வலாறுக்கு 156 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி என்று உயரம் போடுவார்கள். அந்த அடிக் கணக்கையும் அப்படியே தண்ணீராக எண்ணிவிடக் கூடாது. அணை மேலே போகப் போக அகலும் என்பதால், அடியிலுள்ள பத்து அடித் தண்ணீரும் மேலேயுள்ள பத்து அடித் தண்ணீரும் ஒரே அளவாக இருப்பதில்லை.

கல்லிடை வாசகி எழுதியது:

இரண்டு அண்ணாச்சிகளுக்கும் மிக்க நன்றி. நான் கேட்டது விரிவுகளைத்தான். விரிவைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது என்று நீங்கள் எழுதிய பிறகுதான் ஆச்சி என்னிடம் உண்மையில் எதைக் கேட்கிறார் என்று யோசித்தேன். அவருக்கு விரிவு வேண்டியதில்லை. அதற்காகத் தாம் எதையேனும் செய்ய வேண்டுமா என்பதுதான் அவருக்கு வேண்டும். வங்கித் தாளையும் தண்ணீர்க் கருவி அட்டையையும் பற்றி யாரேனும் சொல்ல இயலுமா?

நான்குனேரி உதவியாளர் எழுதியது:

வங்கித் தாளில் இருப்பது, வட்டியைக் கணக்கில் சேர்க்கும் முன்பே வருமான வரிக்கென்று பிடித்துக்கொள்கிற தொகை. அது செலவாகிவிட்ட பணம் என்று எண்ண வேண்டாம். ஆச்சியின் மொத்த வருமானம் வரி விதிக்கத்தக்க அளவுக்குக் கீழே இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். இனிமேல் பிடிக்காமலிருக்க, ஒவ்வொரு நிதியாண்டின் தொடக்கத்திலும் வங்கியில் உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். நிரந்தரக் கணக்கு எண்ணை வங்கியில் பதிவு செய்யாதவர்களுக்குப் பிடித்தம் இரட்டிப்பாக இருக்கும். ஆகவே முதலில் அதைச் சரிபாருங்கள்.

தண்ணீர் அட்டையிலுள்ளது, நீரில் கரைந்திருக்கிற திடப்பொருள்களின் மொத்த அளவு. குடிநீருக்கான இந்தியத் தரம், லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 2,000 வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. அந்த எண் குறைவாக இருப்பதனாலேயே தண்ணீரில் கிருமி இல்லை என்று பொருளாகாது; கிருமியை அந்தக் கருவி அளப்பதில்லை.

வங்கிப் புத்தகத்தில் இன்னொன்றையும் பாருங்கள். ஆண்டுதோறும் மே மாத இறுதியை ஒட்டி 436 ரூபாயும் 20 ரூபாயும் கழிக்கப்பட்டு, எதிரே 'பி.எம்.ஜே.ஜே.பி.ஒய்.', 'பி.எம்.எஸ்.பி.ஒய்.' என்று இருக்கக்கூடும். வங்கி ஏதோ பிடித்துவிட்டது என்று பலரும் வருந்துவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முதலாவது பிரதமரின் ஆயுள் காப்பீட்டுத் திட்டம். இரண்டாவது விபத்துக் காப்பீட்டுத் திட்டம். இரண்டும் 2015இல் தொடங்கப்பட்டவை. முதலாவதில் எக்காரணத்தால் இறந்தாலும், இரண்டாவதில் விபத்தால் இறந்தாலும், நியமிக்கப்பட்டவருக்கு இரண்டு லட்சம் ரூபாய் கிடைக்கும். கணக்கு வைத்திருந்தவர் காலமான பிறகு, அந்த எழுத்துகளுக்குப் பொருள் தெரியாத குடும்பம் உரிமை கோராமலே இருந்துவிடக்கூடும். இறந்தவரின் கணக்குப் புத்தகத்தைப் படிக்க நேர்ந்தால், தயவுசெய்து அந்த இரண்டு வரிகளைத் தேடுங்கள். இதை என் நெஞ்சாரக் கேட்டுக்கொள்கிறேன்.

குடும்ப அட்டையிலும் அப்படித்தான். 'பி.எச்.எச்.' என்பது முன்னுரிமைக் குடும்பம். அதோடு 'ஏ.ஏ.ஒய்.' சேர்ந்திருந்தால் மாதம் 35 கிலோ அரிசிக்கு உரிமை உண்டு. முன்னே 'என்' வந்தால் முன்னுரிமை இல்லாத குடும்பம். எனினும் தமிழ்நாட்டில் அவர்களுக்கும் அரிசி உண்டு. கடைசியில் 'எஸ்' இருந்தால் அது சர்க்கரை அட்டை, அரிசி கிடையாது. 'என்.சி.' இருந்தால் பொருள் எதுவும் கிடையாது. அரிசி வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குப் புதிய அட்டையில் ஓர் எழுத்து மாறி வந்திருந்தால் அதை உடனே கவனிக்க வேண்டும்.

தென்காசித் தமிழாசிரியர் எழுதியது:

இவ்விழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். சுருக்கங்களைக் கைப்பேசியும் ஆங்கிலமும் கொண்டுவந்த தொல்லையாக நாம் கருதக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 'ஷெ சொத்து', 'ஷெயார்' என்று வருவதைக் காண்பீர்கள். இளையவர்கள் அதை அப்படியே 'ஷெ' என்று வாய்விட்டுப் படிக்கிறார்கள். அது 'மேற்படி' என்பதற்குத் தமிழில் வழங்கிவந்த ௸ என்ற குறி. அச்சில் அந்த வடிவம் கிடைக்காத இடங்களில் தோற்றத்தில் நெருங்கிய எழுத்தைப் போட்டு, பிறகு அதுவே நிலைத்துவிட்டது. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹, எண்ணுக்கு ௺ என்று ஒரு வரிசையே இருந்தது. இவை 2003ஆம் ஆண்டு வெளியான ஒருங்குறிப் பதிப்பில் சேர்க்கப்பட்டுவிட்டதால் இன்று கணினியிலும் எழுத இயலும். திருமண அழைப்பிதழ்களில் ஆவணி ௴ என்று இன்றும் அச்சிடுகிறோம். அதை எத்தனை பேர் மாதம் என்று படிக்கிறார்கள் என்பதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள்.

நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றாகக் குழூஉக்குறியை வைத்தார். ஒரு தொழிலைச் செய்வோர் தமக்குள் மட்டும் விளங்கும்படி வழங்குகிற சொல் அது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவார்கள். மருத்துவரும் வங்கி அலுவலரும் எழுதுகிற சுருக்கங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. அவர்கள் தம் குழுவுக்குள் எழுதிக்கொள்ளும்வரை அதில் குற்றம் காண்பதற்கு ஒன்றும் இல்லை. அந்தத் தாள் குழுவுக்கு வெளியே நிற்கிற ஓர் ஆச்சியின் கைக்குப் போகும்போதுதான் குறை நேர்கிறது. ஆகவே கல்லிடை வாசகி கேட்ட வழிமுறைக்கு என் விடை இதுதான்: எழுத்துகளைப் பார்க்கும் முன், இந்தத் தாளை எந்தக் குழுவினர் எழுதினார்கள், தமக்குள் எழுதிக்கொண்டார்களா, நமக்கென்று எழுதினார்களா என்பதை முதலில் கேளுங்கள். ஒரே டி.டி.எஸ். மூன்றாகப் பிரிந்ததும் அந்தக் கேள்வியால்தான் விளங்கிற்று.

ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதும்போது வேறோர் இடர் வருகிறது. ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தையும் இருபதாம் எழுத்தையும் நாம் 'டி' என்றே எழுதுகிறோம். இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும் 'பி' என்றே எழுதுகிறோம். எனவே தமிழில் 'டி.டி.' என்று எழுதினால் அது வங்கி வரைவோலையா, இரணஜன்னித் தடுப்பூசியா என்று எழுத்தைக் கொண்டு சொல்ல முடியாது. மருந்துக்கடை அண்ணாச்சி எழுதிய 'பி.டி.' என்பதும் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி வகுப்பும் தமிழில் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே பிறருக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்கும்போது மூலத் தாளில் இருக்கிற எழுத்து வடிவத்தையும் பார்த்தபடியே அருகில் வரைந்துகொள்ளுங்கள். தொலைபேசியில் கேட்டு எழுதுவதை இயன்றவரை தவிர்த்துவிடுங்கள்.

பெருமாள்புரம் குடியிருப்பாளர் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்ன குழு காலப்போக்கில் மறைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்ப் பெயர்களே சான்று.

இங்கே என்.ஜி.ஓ. காலனி இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், தொண்டு நிறுவனங்கள் அமைத்த குடியிருப்பா என்று கேட்டார். இன்று அந்த மூன்று எழுத்துகளைக் கண்டால் எவருக்கும் அதுதான் தோன்றும். அங்கே அவை குறிப்பது அரசிதழில் பெயர் பதிவு பெறாத அரசு அலுவலர்களை. கே.டி.சி. நகரின் பெயரில் நிற்பது கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். அந்தக் கழகம் அரசுப் போக்குவரத்துக் கழகத்தோடு இணைந்து பெயர் மாறிவிட்டது. பேருந்தின் பக்கவாட்டில் அந்தப் பெயர் இல்லை. நகரின் பெயரில் மட்டும் கட்டபொம்மன் ஓர் எழுத்தாக இருக்கிறார். எஸ்.என். ஹைரோடு என்று நாள்தோறும் சொல்கிறோம். அது சுவாமி நெல்லையப்பர் பெயரிலுள்ள நெடுஞ்சாலை. ம.தி.தா. இந்துக் கல்லூரியின் பெயரில் மதுரை திரவியம் தாயுமானவர் இருக்கிறார் என்பதை அங்கே படித்தவர்களுள்ளும் சிலர் அறியார்.

சிற்றூர்ப் பள்ளிகளின் முகப்பில் டி.டி.டி.ஏ. என்று எழுதியிருப்பதை இந்தப் பகுதியில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பார்கள். தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலித் திருமண்டலச் சொத்துகளைப் பராமரிக்கும் அமைப்பின் பெயர் அது. முதல் எழுத்து, ஆங்கிலேயர் நம் ஊரை 'டின்னவேலி' என்று எழுதிய காலத்திலிருந்து அப்படியே இருக்கிறது.

நான்குனேரி உதவியாளர் எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட விரும்புகிறேன். கே.டி.சி. நகரின் விரிவு தெரியாவிட்டாலும் பேருந்தில் ஏறிச் சரியாக அங்கே இறங்கிவிடலாம். அந்த எழுத்துகள் பெயராகவே ஆகிவிட்டன. குடும்ப அட்டையிலுள்ள எழுத்துகள் அப்படிப் பெயராகிவிடவில்லை. அவை ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டின் அரிசியை முடிவு செய்கின்றன. இரண்டையும் ஒரே ஆர்வத்தோடு பார்த்தால், உடனே விளங்க வேண்டியது எது, ஓய்வாக அறிந்துகொள்ளத்தக்கது எது என்பது மறைந்துவிடும். உடல்நலம், பணம், நிலம் ஆகிய மூன்றைப் பற்றிய தாள்களில் ஒரு சுருக்கம்கூட விளங்காமல் இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

பெருமாள்புரம் குடியிருப்பாளர் எழுதியது:

உங்கள் வரிசையை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் பெயராகிவிட்ட எழுத்துகளும் முகவரியில் வருகின்றன, பத்திரத்தில் வருகின்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சந்திப்பு ரயில் பயணி எழுதியது:

பயணச்சீட்டையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே சீட்டில் ஒரே எழுத்துகள் இரண்டு பொருளில் வருவதை அங்கேதான் காணலாம். வகுப்பைக் குறிக்கும் இடத்தில் 'எஸ்.எல்.' என்றால் படுக்கை வசதி கொண்ட சாதாரணப் பெட்டி. இருக்கை எண்ணுக்கு அருகில் 'எஸ்.எல்.' என்றால் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை. எழுத்து நிற்கிற இடம்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. ஆசிரியர் ஐயா குழுவைக் கேளுங்கள் என்றார். குழு ஒன்றாகவே இருந்தாலும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்று நான் சேர்த்துச் சொல்கிறேன்.

'ஆர்.ஏ.சி.' என்பதன் விரிவு, ரத்தாகும் இடத்துக்கு எதிரான முன்பதிவு என்று வரும். பாசனக்கார அண்ணாச்சி சொன்னது போலவே, இந்த விரிவால் யாருக்கும் எதுவும் விளங்காது. வண்டியில் ஏறலாம், உட்கார இடம் உறுதி, பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையை இருவர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும், யாரேனும் வராவிட்டால் முழுப் படுக்கை கிடைக்கும் என்று சொன்னால்தான் விளங்கும். 'டபிள்யூ.எல்.' என்பது காத்திருப்போர் பட்டியல். இணையத்தில் எடுத்த சீட்டு, இறுதிப் பட்டியல் தயாரான பிறகும் காத்திருப்பிலேயே இருந்தால், அது தானாகவே ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அந்தச் சீட்டோடு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூர் வரை போய்விடலாம் என்று பெரியவர்களை அனுப்பிவிடாதீர்கள். அதற்கு முன்னே 'ஜி.என்.' இருந்தால் உறுதியாகும் வாய்ப்பு மிகுதி; 'ஆர்.எல்.' இருந்தால் அது இடைவழி நிலையங்களுக்கென ஒதுக்கிய சில இடங்களுக்கான காத்திருப்பு என்பதால் வாய்ப்பு குறைவு.

நிலையக் குறியீடுகளில், திருநெல்வேலிக்கு 'டி.இ.என்.', திருச்செந்தூருக்கு 'டி.சி.என்.', தூத்துக்குடிக்கு 'டி.என்.' என்று மூன்றும் நெருக்கமாக இருக்கின்றன. சீட்டு எடுக்கும்போது ஊர்ப் பெயரை முழுதாகப் படித்து உறுதி செய்யுங்கள். 'டி.என். 72' என்று வண்டிப் பலகையில் வருகிற 'டி.என்.' தமிழ்நாட்டைக் குறிக்கிறது என்பதை அனைவரும் அறிவீர்கள்.

வருவாய்த்துறைப் பணி நிறைந்தவர் எழுதியது:

நிலம் பற்றிய தாள்களைக் குறித்து எழுத வேண்டியது என் கடமை. 'த/பெ' தந்தை பெயர், 'க/பெ' கணவர் பெயர், 'பு.எண்' புல எண், 'உ.பி.' உட்பிரிவு. 'எஃப்.எம்.பி.' என்பது புலப்படச் சுவடி. ஒவ்வொரு புலத்தின் அளவுகளும் அதில் வரைந்திருக்கும். 'ஈ.சி.' என்பது வில்லங்கச் சான்று. பட்டாவில் புல எண் 112 என்றும் உட்பிரிவு 3 என்றும் இருப்பதை ஒருவர் 1123 என்று சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டால், மனு வேறொருவர் நிலத்தைத் தேடிப் போய்விடும். சுருக்கத்தோடு அதை அடுத்து வருகிற சாய்கோட்டையும் புள்ளியையும் விடாமல் படிக்க வேண்டும்.

அரசுக் கடிதத்தின் தலையில் 'ந.க.எண்' என்று ஒன்று வரும். அதன் விரிவைத் தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் மனு அந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதைக் காட்டுவது அந்த எண். பதில் எழுதும்போதும் நேரில் போய்க் கேட்கும்போதும் அந்த எண்ணையும் அதையடுத்து வருகிற நாளையும் சொன்னால், கோப்பு எளிதில் கைக்கு வரும். அது இல்லாமல் போனால் உங்கள் பெயரைக் கொண்டு தேட வேண்டியிருக்கும். ஒரே பெயருடையவர்கள் ஒரு வட்டத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. கடிதங்கள் தமிழுக்கு வந்தன. ஆனால் ஆங்கிலத்தில் இருந்த சுருக்கும் பழக்கம் தமிழ்க் கடிதங்களிலும் தொடர்ந்தது. தமிழ் எழுத்தில் இருப்பதனாலேயே ஒரு கடிதம் தமிழ் மக்களுக்கு விளங்கிவிடாது. எழுதுகிற ஒவ்வோர் அலுவலரும் முதல் முறை வரும்போது முழுச் சொல்லை எழுதி, அதன்பின் சுருக்கத்தை ஆள வேண்டும் என்று நான் பணியிலிருந்த காலம் முழுவதும் வலியுறுத்தினேன், இப்போதும் வலியுறுத்துகிறேன். அதனால் கூடுவது ஒரு வரி மட்டுமே. அதை எழுதாமல் விட்டால், படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடி ஒரு பெரியவர் பேருந்து ஏறிப் போக வேண்டியிருக்கிறது.

பெறுகிறவர்களும் தயங்கக் கூடாது. அலுவலகத்தின் முன்னால் நிற்கும்போதே, "இந்த எழுத்து என்ன என்பதை முழுதாக எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை.

கல்லிடை வாசகி எழுதியது:

எழுதிய அனைவருக்கும் என் நன்றி. நீங்கள் சொன்னவற்றைக் கொண்டு, ஆச்சியின் தாள்களின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைக்கத் தொடங்கியிருக்கிறேன். தாள் எங்கிருந்து வந்தது, எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது, அதற்காக ஆச்சி செய்ய வேண்டியது என்ன என்பவற்றை முதலில் எழுதுகிறேன்; விரிவு தெரிந்தால் அதைக் கடைசியில் எழுதுகிறேன். மருந்துச் சீட்டில் மட்டும் நானாக எதையும் எழுதுவதில்லை. கடையில் எழுதித் தந்ததையே வைத்துக்கொள்கிறோம்.

இன்னும் ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. மின் கட்டண விவரத்தில் இம்முறை வழக்கமான தொகையோடு 'ஏ.சி.சி.டி.' என்று தனியே ஒரு தொகை கேட்டிருக்கிறார்கள். குளிர்சாதனக் கருவிக்கென்று போட்ட கட்டணமோ என்று ஆச்சி ஐயுறுகிறார். அவர் வீட்டில் அப்படி ஒரு கருவியே இல்லை.

நான்குனேரி உதவியாளர் எழுதியது:

குளிர்சாதனத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை, அக்கா. இணைப்பு வாங்கும்போது ஒரு வைப்புத்தொகை கட்டியிருப்பார்கள். பிறகு மின் பயன்பாடு கூடி, அந்த வைப்பு போதாது என்று கணக்கில் தெரிந்தால், மீதியைக் கூடுதல் வைப்பாகக் கேட்பார்கள். அது கட்டணம் ஆகாது. ஆச்சியின் பெயரிலேயே இருக்கும், அதற்கு வட்டியும் அவருடைய மின் கணக்கில் வரவு வைக்கப்படும். முந்தைய ரசீதுகளில் பயன்பாட்டு அலகுகள் உண்மையிலேயே கூடியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கூடியிருக்கவில்லை என்றால், மின் இணைப்பு எண்ணையும் அந்த ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு பிரிவு அலுவலகத்துக்குப் போய், எந்தக் கணக்கின்படி கேட்டார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்.